ஆறாவது பூட்டோடு நின்றுபோன கதை

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற வயதுக்கு வந்துவிட்டோம் நாம். அதனால் உங்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். முப்பத்தேழு வருஷமாக எனக்கு ஒரு கதையின் முடிவு தெரியாது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். பல்லிடுக்கில் சிக்கிய முருங்கை நாரும் சின்ன விஷயம்தான். நாக்கு சும்மா இருக்கிறதா, சொல்லுங்கள்.

இதைக் கிளறிவிட்டது என் மகள். கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் படிக்கிறாள். காலேஜ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிக்க ஒரு தடித்த இங்கிலீஷ் நாவல் வைத்திருந்தாள். அட்டையில் ஒரு பெண், கையில் குறுவாளோடு நம்மை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை அதைச் சாப்பாட்டு மேஜையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். நான் சும்மா எடுத்துப் புரட்டினேன். என் ப்ளஸ் டூ இங்கிலீஷுக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. ஆனாலும் விட முடியவில்லை. அந்தப் பெண் ஒரு கோட்டையைக் கொளுத்துகிறாள், காதல் பேச வந்த இளவரசனைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு மதில் ஏறிக் குதிக்கிறாள். சோறு இரண்டு நாள் குழைந்தது. ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நாலாவது நாள் முடித்துவிட்டேன்.

"என்னம்மா, நான் அடையாளம் வச்ச பக்கத்தையே தாண்டிப் போயிட்டீங்க?" என்றாள் மகள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முடிவு பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கு. அதான் எரிச்சலா இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு படித்த வருஷம். அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ராஜபாளையத்தில் டீத்தூள் கடை. கடைக்குப் பின்னால் கிட்டங்கி. அங்கே தேயிலை வந்திறங்கிய மரப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். பெட்டிகளுக்குள் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருக்கும். கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. மத்தியானம் அதன் வழியாக ஒரு வெளிச்சக் கம்பு இறங்கும். அதில் தூள் மிதந்துகொண்டே இருக்கும். அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் தலைமுடி, பாவாடை, எச்சில்கூட டீத்தூள் மணக்கும்.

அத்தாவின் பெயரில் கிளை நூலகத்தில் ஒரு கார்டு இருந்தது. அவர் பேப்பர் தவிர எதுவும் படிக்கமாட்டார். கார்டு என்னிடம்தான் இருந்தது. ஒருநாள் அடித்தட்டில், பச்சைக் காலிகோ பைண்டிங் போட்ட ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. அட்டை கிடையாது. முதல் பதினாறு பக்கம் கிடையாது. அதனால் புத்தகத்தின் பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. பதினேழாம் பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்கியது: "என்று சொல்லிவிட்டு அவள் படகிலிருந்து குதித்தாள், ஆற்றில் தண்ணீர் இல்லை."

ஆற்றில் தண்ணீர் இல்லை! அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

அது மழையே இல்லாத ஒரு நாடு. ஏன் மழை இல்லையென்றால், அரசன் மழையைப் பிடித்து ஒரு மலைக்குள் அடைத்து ஏழு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். வற்றிப்போன ஆற்றின் படகோட்டிக்கு ஒரு மகள். பதினாலு வயது. பொல்லாத கோபக்காரி. அவளுக்குக் கோபம் வந்தால் அவள் கையில் இருப்பது எதுவானாலும் கொதிக்கத் தொடங்கும். அந்தக் கோபத்தை வைத்தே பூட்டுகளை ஒவ்வொன்றாக உருக்குகிறாள். அவள் ஏறிப் பறக்க ஒரு ஒற்றைக்கண் பருந்து. ஆள் உயரம் இருக்கும், சொன்ன பேச்சு கேட்காது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே பறக்கும்.

நம் ஊரில் நின்று மேற்கே பார்த்தால் என்ன தெரியும்? மலை. அதற்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டோ கொட்டென்று கொட்டும். நமக்கு வெறும் காற்றும் ஈரவாசனையும்தான் வந்து சேரும். அந்த வயதில் எனக்கு அது கட்டுக்கதையாகவே தெரியவில்லை. பூட்டு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியும்போல இருந்தது.

தனியாகப் படிக்க மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னேன். அவள் அப்பா போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு. ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். அவளை ஏட்டு மகள் என்று. ஒல்லிக் குச்சி, ஆனால் சடையைப் பிடித்து இழுத்தவனைக் குப்புறத் தள்ளிவிட்டவள். கிட்டங்கிக்கு வந்து முதல் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டாள்.

"ஏட்டி, இனிமே நாந்தான் அவ. நீ பருந்து."

"ஏன், நான் அவளா இருக்கக் கூடாதா?"

"உனக்கு எங்கட்டி கோவம் வருது? உன் பென்சில எடுத்தாலே நீ அழுவ."

உண்மைதான். நான் பருந்தானேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒருத்தி சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவள் நடிக்க வேண்டும். தினமும் இரண்டு அத்தியாயம். ஒருத்தியை விட்டு மற்றவள் ஒரு வரிகூட முன்னால் படிக்கக் கூடாது. இது ஒப்பந்தம். புத்தகம் என் வீட்டில்தான் இருந்தது. தலையணைக்குக் கீழே கை விட்டால் தொடலாம். நான் அந்த ஒப்பந்தத்தை மீறவில்லை. இன்றைக்கு என்னை நானே திட்டிக்கொள்வது அதற்காகவும்தான். மீறியிருந்தால் முடிவாவது தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் கணக்கு டியூஷனுக்குப் போவோம். டியூஷன் சாருக்கு ஊரில் பெரிய பெயர். அவரிடம் படித்தவர்கள் கணக்கில் தோற்றதில்லை என்பார்கள். அவர் வீட்டு முன்னறையில் கோரைப்பாய் விரித்து பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்போம். வாசலில் வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்று சங்கிலியில் படுத்திருக்கும். சார் பிரம்பு வைத்துக்கொள்ளமாட்டார். காதைத் திருகுவார். சாவி கொடுக்கிற மாதிரி, சொல்லிக்கொண்டே திருகுவார்: "ஏறுதா? இப்ப ஏறுதா?"

எங்களில் சின்னவள் ஆறாம் வகுப்புப் பெண். டெய்லர் மகள். வாய் திறக்கமாட்டாள். காதில் மெல்லிய வளையம் போட்டிருப்பாள். அன்றைக்குப் பின்னக் கணக்கு. அவள் பகுதியையும் தொகுதியையும் மாற்றிப் போட்டுவிட்டாள். சார் வளையத்தோடு சேர்த்துப் பிடித்துத் திருகினார். அவள் "சார், வளையம் சார், வளையம்" என்றாள். அவர் விடவில்லை. மெல்லிய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நான் அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்டது. காது மடலின் கீழ்ப்பக்கம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாயில் சொட்டுச் சொட்டாக ரத்தம். அந்தப் பிள்ளை அழவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் கணக்கை அழித்துத் திருத்தப் பார்த்தாள். சார் அவளுடைய இன்னொரு காதைப் பிடித்தார்.

ஏட்டு மகள் எழுந்தாள். பாயின் மேலேயே மூன்று எட்டு வைத்தாள். சாரின் கையைப் பிடித்துக் கட்டைவிரல் அடியில் கடித்தாள். சார் அலறிய அலறலில் நாய் எழுந்து குரைத்தது. சாரின் வீட்டம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சார் வீட்டு முன்னறையில் பெரியவர்கள் கூடினார்கள். சாரின் கையில் பெரிய கட்டு. ஏட்டையா யூனிஃபார்மோடு வந்திருந்தார். என்னையும் அழைத்து வரச் சொன்னதால் அத்தா கடையைத் திறக்காமல் வந்தார். டெய்லரை யாரும் கூப்பிடவில்லை. அவர் மகள், வளையம் டவலில் மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்லியிருந்தாளாம். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பாயைக் கழுவிக் கொடியில் போட்டிருந்தார்கள்.

"எங்க வீட்டு நாய்கூட இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரக் கடிச்சதில்ல ஏட்டையா" என்றார் சார்.

ஏட்டையாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏட்டி, எதுக்குடி கடிச்ச?"

அவள் பேசவில்லை.

"வாயத் தெறக்கியா, இல்லையா?"

அவள் தரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஸ்டேஷனில் தினமும் பத்துப் பேரிடம் 'முதல்ல என்ன நடந்துச்சு, அதச் சொல்லு' என்று கேட்டு எழுதுகிற மனிதர் அவர். சொந்த மகளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தாதான் என் பக்கம் குனிந்தார். அவர் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். "நீ பக்கத்துலதானம்மா இருந்த. என்ன நடந்துச்சு, சொல்லு."

சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை, கட்டுப் போட்ட கை, முழங்காலில் இருந்தது. நான் சொன்னேன்: "நாங்க ஒரு கதை படிக்கோம் அத்தா. அதுல அவ ஒரு தளபதியக் கடிப்பா."

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன், பழி புத்தகத்தின் மேல் போய்விடும் என்று நினைத்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் இருக்கலாம். வேறு மாதிரியும் இருக்கலாம்.

பெரியவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காரணம் கிடைத்துவிட்டது! அத்தா எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் புத்தகத்தை வரவழைத்தார். சார் கட்டுப் போட்ட கையால் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, டியூஷன் குரலில் சத்தமாக வாசித்தார். ஆறாவது பூட்டின் முன்னால் தளபதி அவள் தலைமுடியைப் பற்றி இழுக்கிறான், அவள் அவன் மணிக்கட்டைக் கடிக்கிறாள், பருந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. சார் பக்கத்தைத் திருப்பினார். மேலே வாசித்தார். பூட்டு உருகி ஓடுகிறது. இன்னொரு பக்கம் திருப்பினார். ஏட்டையா முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அத்தாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டம்மா வந்து, "போதும், நிறுத்துங்க. இதப் படிச்சா பிள்ளைக கெடாம என்ன செய்யும்?" என்று சொன்ன பிறகுதான் மூன்று பேரும் விழித்துக்கொண்டார்கள்.

நானும் அதைக் கேட்டேன். கடிக்கிற இடம்வரை நாங்கள் ஏற்கனவே படித்திருந்தோம்; அதற்கு மேல் சார் வாசித்தது, ஒப்பந்தப்படி அன்றைக்கு நாங்கள் கிட்டங்கியில் படிக்க வேண்டிய அத்தியாயம். அதுதான் கடைசியும்.

புத்தகத்தைத் தானே நூலகத்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி ஏட்டையா தன் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அத்தா கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். திட்டவில்லை. "இனிமே பாடப் புத்தகம் மட்டும் படிம்மா" என்றார். ஏட்டு மகளை டியூஷனிலிருந்து நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு பெஞ்சுக்கு மாற்றினார்கள். கெட்ட புத்தகம் கொடுத்தவள் நான் என்று என்னோடு பேசக் கூடாதென்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்களாம். அவள் பேசவில்லை. சொல்லியிருக்காவிட்டாலும் பேசியிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் அவள் அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல் வந்தது. போய்விட்டார்கள்.

நான்? நான் அதே சாரிடம் பத்தாம் வகுப்புவரை படித்தேன். அதே பாய். அவர் அதே மாதிரி திருகினார். கணக்கில் நல்ல மார்க் வாங்கினேன். அத்தா சந்தோஷமாக ஊருக்கெல்லாம் டீ கொடுத்தார்.

நூலகத்தில் போய்ப் போய்க் கேட்டேன். "என்ன பேரு?" என்பார் நூலகர். "பேரு தெரியாது சார், பச்சை பைண்டிங்." "பைண்டிங் போட்டது அம்புட்டும் பச்சைதாம்மா." ஒருநாள் வந்துவிட்டது என்றார், ஓடிப்போனால் அது சமையல் குறிப்பு. கல்யாணமான பிறகும் பழைய புத்தகக் கடையில் பச்சையாக எது தெரிந்தாலும் பதினேழாம் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். இன்றைக்கு மகளின் போனில் எல்லாம் கிடைக்கிறது என்கிறார்கள். பெயரே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? "மழை, பூட்டு, பருந்து" என்று போட்டால் வானிலை அறிக்கை வருகிறது.

மகளின் நாவலை முடித்த வாரம், பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போனேன். டெய்லர் மகள்தான் இப்போது அப்பாவின் கடையை நடத்துகிறாள். பிரிந்த காது அப்படியே இருக்கிறது. தோட்டை அதற்கு மேலே துளைத்துப் போட்டிருக்கிறாள். எத்தனையோ வருஷமாக அவளிடம் துணி கொடுக்கிறேன், அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கு மெதுவாகக் கேட்டேன்: "ஏட்டையா மக இப்ப எங்க இருக்கான்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"அக்காவா? ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்காக. மாட்டாஸ்பத்திரியில வேலை. போன மாசங்கூட வந்து இங்கதான் சாப்பிட்டுட்டுப் போனாக."

"வருவாளா இங்க?"

"வருசா வருசம் வருவாக. எம் மக கல்யாணத்துல மூணு நாள் நின்னு அவியதான் எல்லாம் பாத்தாக." டேப்பை என் தோளில் வைத்து அளந்துகொண்டே சொன்னாள். "உங்ககிட்டச் சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. பதினொரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, என் தெருவுக்கு அடுத்த தெருவுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். மாட்டாஸ்பத்திரி வாசலில் ஐந்தாறு மாடுகள், இரண்டு ஆடுகள், ஒரு கோழிக்கூடை. அவளைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. அதே ஒல்லி. முடி பாதி நரைத்திருந்தது. ரப்பர் செருப்பு, தோள்வரை ஒரு பிளாஸ்டிக் கையுறை. வயிறு உப்பிய பசு ஒன்றைக் கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தி, அதன் வாயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வா. செத்த நேரம் உக்காரு. இத முடிச்சிட்டு வாரேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்துக் கை கழுவிவிட்டு வந்தாள், ஆனால் உட்காரவில்லை. நானும் நலம் விசாரிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். முதலில் வாயில் வந்தது அந்தப் புத்தகம்தான்.

"உங்கப்பா அத லைப்ரரியில குடுத்தாரா?"

அவள் சிரித்தாள். "எங்க குடுத்தாரு? ஸ்டேஷன்ல ராத்திரி பாரா டூட்டிக்குக் கொண்டுபோய் முழுசாப் படிச்சிருக்காரு. ஒருவாட்டி இல்ல, மூணு வாட்டி. டிரங்குப் பெட்டியில பூட்டி வச்சிருந்தாரு. நான் வேலைக்கு வந்த பொறவுதான் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"அந்தப் பிள்ள தளபதியக் கடிச்சது நியாயந்தான்னாரு. கதையில உள்ளவளச் சொன்னாரு. என்னச் சொல்லல." கையைத் துண்டில் துடைத்தாள். "நானும் எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன், அவரு சாகுற வரைக்கும். அந்தப் புத்தகத்தப் பத்தி எம்புட்டோ பேசினாரு. என்னப் பத்தி ஒரு வார்த்த இல்ல."

"புத்தகம்?"

"பெட்டியோட கரையான் தின்னுட்டு."

"முடிவு என்னன்னு சொன்னாரா?"

"சொல்ல வந்தாரு. எனக்கு வேண்டாம்னுட்டேன்." என்னை நேராகப் பார்த்தாள். அதே பார்வை. "இத்தன வருசம் கழிச்சு அதக் கேக்கவா பஸ் ஏறி வந்த?"

நான் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

"நான் சொன்னா எங்கப்பா நம்பமாட்டாரு. எதித்துப் பேசுதேன்னு அறைவாரு. நீ வாய் தெறந்தா எல்லாரும் நம்புவாக, நீ சாதுல்ல. அதான் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ ஏன் அந்தப் பிள்ள காதப் பத்திச் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"அவரு உன் காதுல கைய வச்சதே இல்ல. நீ கணக்கெல்லாம் சரியாப் போடுவ."

ஆமாம். வைத்ததே இல்லை. எனக்கு என்ன பயம்? நல்ல பிள்ளை என்ற பெயர் போய்விடும் என்ற பயமாக இருந்திருக்கும். அதைவிடக் கேவலமான பயம் உண்டா?

"இப்பச் சொல்லு" என்றாள்.

"என்னத்த?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. இங்க நின்னு, இவிய எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

அட்டெண்டர் மருந்துப் பாட்டிலோடு நின்றிருந்தார். வ. புதுப்பட்டியிலிருந்து ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக்கூடைக்காரப் பெண்ணும் பார்த்தாள். எழுந்து நின்று சொன்னேன். பின்னக் கணக்கைச் சொன்னேன். வளையத்தைச் சொன்னேன். துணி கிழிகிற மாதிரி கேட்ட சத்தத்தைச் சொன்னேன். அந்தச் சின்னப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டே கணக்கைத் திருத்தியதை, சார் அடுத்த காதைப் பிடித்ததை, இவள் எழுந்து போய்க் கடித்ததை, நான் பொய் மாதிரி ஒரு உண்மையைச் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ ஒருவருடைய பசு நடுவில் கத்தியது. அது நிறுத்தும்வரை காத்திருந்து மிச்சத்தையும் சொன்னேன்.

ஏட்டு மகள் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஆட்டுக்காரப் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அது சரி ஆத்தா. இந்தப் பிள்ளைய டியூஷன விட்டு நிப்பாட்டினீக. புத்தகத்தப் பிடுங்கினீக. அந்த வாத்தியார என்ன செஞ்சீக?"

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்றைக்கு அந்த முன்னறையில் இருந்த பெரியவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் செய்யல அய்யா" என்றாள் அவள். பிறகு புதுக் கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த மாட்டை உள்ளே கொண்டுவரச் சொன்னாள்.